தவளை பிடித்த பிள்ளைகள்

பிளஸ் டூவில் விலங்கியல் படித்தவரா நீங்கள்? வயது நாற்பதைத் தாண்டியவரா? அப்படியானால் உங்களுக்கும் ஏதோ ஒரு தவளைக்கும் நிச்சயம் பழைய பகை இருக்கும்!

ஞாபகப்படுத்திப் பாருங்கள்... மூக்கைத் துளைக்கும் ஃபார்மலின் நெடி. மெழுகு ஊற்றிய தட்டில் மல்லாக்கக் கிடக்கும் தவளை. நாலு கால்களிலும் குண்டூசி. கை நடுங்க நடுங்க நீங்கள் கத்தரிக்கோலை எடுக்கிறீர்கள். பக்கத்து மேஜையில் யாரோ மயக்கம் போட்டு விழுகிறார்கள். (பெரும்பாலும் அது வகுப்பிலேயே வாட்டசாட்டமான பையனாகத்தான் இருக்கும்!)

அப்புறம் ரெக்கார்டு நோட்டு. இதயம் இங்கே, ஈரல் இங்கே என்று படம் போட்டுக் கோடு இழுத்துப் பெயர் எழுத வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள்... தட்டில் கிடந்த தவளையைப் பார்த்தா வரைந்தீர்கள்? போன வருஷம் பாஸான அண்ணனின் நோட்டைக் கடன் வாங்கித்தானே! உங்கள் தவளைக்கு ஒரு விரல் குறைந்திருந்தால்கூட, நோட்டில் இருக்கும் தவளைக்கு எல்லா விரல்களும் கச்சிதமாக இருக்கும். இல்லாவிட்டால் மார்க் போய்விடுமே!

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, அண்ணனின் நோட்டைப் பார்க்காத சில பிள்ளைகளின் கதை. கண்ணால் கண்டதை எண்ணினார்கள். கண்டபடியே சொன்னார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அதற்கே ஒரு மாநில அரசு கலங்கிப்போனது. விஞ்ஞானிகள் கட்சி பிரிந்து ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள்.

அமெரிக்காவின் வடக்கு விளிம்பில், கனடாவை ஒட்டி இருக்கிறது மினசோட்டா மாநிலம். 'பத்தாயிரம் ஏரிகளின் பூமி' என்று தங்கள் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே எழுதி ஓட்டும் ஆட்கள் அவர்கள். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து, மேலே கார் ஓட்டலாம் என்கிற அளவுக்குக் கெட்டிப்பட்டுப்போகும். கோடையில் பார்த்தால் பச்சைப்பசேல். சோளம், சோயா, பட்டாணி என்று கண்ணுக்கு எட்டியவரை வயல்கள். அந்த வயல்களுக்கு நடுவே லெ சூர் என்று ஒரு சின்ன ஊர். டின்னில் அடைத்த பட்டாணிக்குப் பேர்போனது.

அந்த ஊரில் 1994-ல் ஒரு வித்தியாசமான பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெயர், மினசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூல். மணி அடித்தால் கணக்கு, மறுபடி அடித்தால் வரலாறு என்கிற வழக்கமான பீரியட் முறை அங்கே இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தோண்டித் துருவ வேண்டும். ஆசிரியர் கூடவே இருந்து வழிகாட்டுவார். பாடப்புத்தகத்துக்கு வெளியேதான் பாதிப் படிப்பு.

1995, ஆகஸ்ட் 8. அந்தப் பள்ளியைச் சேர்ந்த சில மாணவ மாணவிகளை அவர்களுடைய ஆசிரியை இயற்கையைப் பார்க்க அழைத்துப்போனார். எல்லோரும் நம் ஊர்க் கணக்கில் ஆறாவது முதல் எட்டாவதுக்குள் படிக்கிற வயதுப் பிள்ளைகள். போன இடம், பக்கத்தில் உள்ள ஹெண்டர்சன் என்ற ஊரை ஒட்டிய ஒரு பண்ணை. அங்கே ஒரு குளம். குளத்தைச் சுற்றிப் புல்வெளி. தலைப்பிரட்டையாக இருந்து அப்போதுதான் கால் முளைத்துக் கரையேறிய இளம் தவளைகள், நடக்க நடக்கக் காலடியிலிருந்து துள்ளிக் குதித்தன. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருப்பதால் அவற்றுக்குச் சிறுத்தைத் தவளை என்று பெயர்.

அந்த வயதில் தவளையைப் பார்த்தால் என்ன தோன்றும்? பிடிக்கத்தான் தோன்றும். பிடித்தார்கள்.

கையில் வந்த தவளைக்குப் பின்னங்கால் கோணலாக இருந்தது. ஐயோ, பிடிக்கிறபோது காலை ஒடித்துவிட்டோமோ என்றுதான் முதலில் பயந்தார்கள். அடுத்த தவளையைப் பிடித்தார்கள். அதற்கும் ஏதோ கோளாறு. இன்னொன்றுக்குக் காலே இல்லை. எலும்பு முறிந்த மாதிரியும் தெரியவில்லை, காயமும் இல்லை. பிறவியிலேயே அப்படி!

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? "சே, அசிங்கம்!" என்று தூக்கிப்போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருப்போம். ரொம்பத் துணிச்சல்காரராக இருந்தால், இருப்பதிலேயே விநோதமான ஒரு தவளையை மட்டும் பாட்டிலில் போட்டுக்கொண்டுவந்து நண்பர்களுக்குக் காட்டியிருப்போம்.

அந்தப் பிள்ளைகள் எண்ணினார்கள். கோணல் தவளைகளை மட்டுமல்ல, நல்ல தவளைகளையும் சேர்த்து எண்ணினார்கள். அன்றைக்குக் கையில் அகப்பட்டவை மொத்தம் 22. அதில் கால் சரியில்லாதவை 11.

கொஞ்சம் நின்று இந்த எண்ணைப் பாருங்கள். 'நான் ஒரு விநோதத் தவளையைப் பார்த்தேன்' என்று சொன்னால் அது செய்தி. கோயில் திருவிழாவில் ஐந்து கால் மாட்டைக் காட்டிக் காசு வாங்குகிறார்களே, அந்த ரகம். '22 பிடித்தோம், 11 இப்படி இருந்தது' என்று சொன்னால் அது சாட்சியம். இரண்டுக்கும் நடுவே இருப்பது, எண்ணப்பட்ட அந்த 11 நல்ல தவளைகள்தான்!

பள்ளிக்குத் திரும்பியதும் ஆசிரியை சும்மா இருக்கவில்லை. மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு போன் போட்டார். விஷயம், அங்கே வேலை பார்த்த ஜூடி ஹெல்கன் என்ற உயிரியலாளரிடம் போய்ச் சேர்ந்தது. சதுப்பு நிலங்களையும் குட்டைகளையும் ஆராய்கிறவர் அவர்.

ஜூடிக்கு இது முழுக்கப் புதுச் செய்தி அல்ல. இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1993-ல், மேற்கே கிரானைட் ஃபால்ஸ் என்ற ஊரிலிருந்து இதே மாதிரி ஒரு புகார் வந்திருந்தது. ஆனால் அது அப்போது பெரிதாக எழவில்லை, அமுங்கிப்போனது. இந்த முறை அப்படி அமுக்க முடியவில்லை. ஜூடியும் சகாக்களும் அந்தக் குளத்துக்கே போனார்கள். பிள்ளைகள் சொன்னது நிஜம்தான் என்று கண்ணால் பார்த்தார்கள்.

சரி, தவளைக்குக் கால் கோணினால் மனுஷனுக்கு என்ன என்று கேட்கிறீர்களா?

தவளையின் தோல் நம் தோல் மாதிரி கிடையாது. தண்ணீரை அது வாயால் குடிப்பதே இல்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும், 'உள்ளே வரலாமா?' என்று கேட்காமல் நேராக உடம்புக்குள் போய்விடும். முட்டை போடுவதும் தண்ணீரில்தான், குஞ்சு வளர்வதும் தண்ணீரில்தான். ஆகவே குளத்துத் தண்ணீரில் தப்பு நடந்தால் முதலில் தவளைக்குத் தெரியும். அந்தக் குளத்துக்கு அடியில் ஊறுகிற நிலத்தடி நீர்தான் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் இருக்கிறது!

இன்னொரு பயமும் எல்லோர் மனதிலும் இருந்தது. அதைச் சொல்ல ஒரு முப்பது, நாற்பது வருடம் பின்னோக்கிப் போக வேண்டும். 1957-ல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்றொரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. நல்ல தூக்கம் வரும், கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாந்தி நிற்கும் என்றார்கள். பல நாடுகளில் தாய்மார்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். விளைவு, கை கால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள். 1961 கடைசியில்தான் அந்த மாத்திரையை ஜெர்மனியில் நிறுத்தினார்கள். வளரும் கருவில் ஒரு ரசாயனம் புகுந்தால் கை கால்களிலேயே கைவைத்துவிடலாம் என்று உலகம் அப்போது கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை மறக்காதவர்கள் கால் இல்லாத தவளைகளின் படத்தைப் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. இன்டர்நெட் என்ற வார்த்தையே பலருக்குத் தெரியாத காலம் அது. அவர்கள் தங்கள் தவளைப் படங்களை அதில் ஏற்றி ஊருக்குக் காட்டினார்கள். தலைநகர் செயின்ட் பாலில் உள்ள மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய், உறுப்பினர்கள் முன்னால் தாங்கள் கண்டதைச் சாட்சி சொன்னார்கள். ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கியது.

1996 கோடையில் போன் மணி ஓயவில்லை. எங்கள் ஊர்க் குளத்திலும் இருக்கிறது, எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இருக்கிறது என்று மினசோட்டாவின் பல மாவட்டங்களிலிருந்து தகவல். பக்கத்து விஸ்கான்சினிலிருந்து, கிழக்கே வெர்மான்ட்டிலிருந்து, எல்லை தாண்டி கனடாவின் கியூபெக்கிலிருந்து! 1997-ல் இப்படி வரும் தகவல்களைச் சேகரிக்கவே தேசிய அளவில் ஒரு பதிவு மையம் தொடங்க வேண்டியதாயிற்று. கொஞ்ச காலத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியது.

யார் குற்றவாளி? கூண்டில் மூன்று பேரை ஏற்றினார்கள்.

முதல் ஆள், பூச்சி மருந்து. கொசுப் புழுவைக் கொல்லக் குளங்களில் தெளிக்கும் மெத்தோபிரீன் மேல் பலருக்குச் சந்தேகம். வெயிலில் அது சிதையும்போது உருவாகும் சில பொருட்கள், கருவின் கை கால் வளர்ச்சியை நடத்தும் ரெட்டினாயிக் அமிலத்தைப் போலவே நடந்துகொள்ளும் என்றார்கள்.

இரண்டாவது ஆள், சூரியன். ஓசோன் படலம் மெலிந்துபோனதால் புற ஊதாக் கதிர்கள் அதிகமாக விழுந்து தவளை முட்டையைக் கெடுக்கின்றன என்பது ஒரு வாதம்.

மூன்றாவது ஆள்தான் எதிர்பாராதவன். கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு! அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

1997 இலையுதிர் காலத்தில் விஷயம் உச்சத்துக்குப் போனது. பிரச்னைக் குளங்களின் தண்ணீரை எடுத்து, அதில் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் கருக்களை வளர்த்துப் பார்த்தார்கள். கருக்கள் விகாரமாயின. பக்கத்து வீடுகள் சிலவற்றின் கிணற்றுத் தண்ணீரிலும் அதே கோளாறு தெரிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டது. கூடவே, அந்த வீடுகளுக்குப் பாட்டில் தண்ணீர் தருகிறோம் என்றும் அறிவித்தது. மக்கள் அரண்டுபோனார்கள். பாட்டில் தண்ணீர் தருகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை வருஷமாக நம் பிள்ளைகள் என்னத்தைக் குடித்தார்கள்?

ஆனால் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று அதே மினசோட்டாவில், டுலூத் நகரில் இருக்கிறது. அங்கிருந்து மறுப்பு வந்தது. அந்தத் தண்ணீரில் விஷம் இருப்பதாகச் சொல்ல முடியாது, சோதனைத் தவளைக்கு வேண்டிய உப்புகள்தான் அதில் போதவில்லை, உப்பைச் சேர்த்தால் கருக்கள் நன்றாகவே வளர்கின்றன என்றார்கள். ஒரு அரசாங்க விஞ்ஞானி சொன்னதை இன்னொரு அரசாங்க விஞ்ஞானி மறுக்க, சண்டை பத்திரிகைகளில் நாறியது. நடுவில் மாட்டிக்கொண்டவர் ஜூடி ஹெல்கன். (இந்த அமர்க்களத்தையெல்லாம் பின்னர் ஒரு புத்தகமாகவே எழுதினார். 2012-ல் வெளிவந்தது.)

இப்போது அந்த மூன்றாவது ஆளிடம் வருவோம்.

1980-களின் பிற்பாதியில், கலிஃபோர்னியாவில் சில குளங்களில் கூடுதல் கால் முளைத்த தவளைகளும் சாலமாண்டர்களும் அகப்பட்டன. ஸ்டான்லி செஷன்ஸ் என்ற விஞ்ஞானி அவற்றை அறுத்துப் பார்த்தபோது, கால் முளைக்கும் இடத்தைச் சுற்றிலும் ஒருவகைத் தட்டைப்புழுவின் பொடிப்பொடியான கூடுகள் இருந்தன. செஷன்ஸ் ஒரு சோதனை செய்தார். புழுக்கூட்டின் அளவுக்குச் சின்னச் சின்ன மணிகளைத் தலைப்பிரட்டைகளின் கால் மொட்டில் வைத்துப் பார்த்தார். சிலவற்றுக்கு அங்கே கூடுதலாகக் கால் பகுதிகள் முளைத்தன! 1990-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் மணி என்பது மணிதானே? புழுதான் செய்கிறது என்பதற்கு நேரடி நிரூபணம் வேண்டுமே?

அதைச் செய்ததும் ஒரு மாணவர்தான்! ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்துக்கொண்டிருந்த பீட்டர் ஜான்சன். நாடு முழுக்கத் தவளைப் பேச்சாக இருந்த அந்த வருடங்களில், தன் கல்லூரி இருக்கும் மாவட்டத்தில் குளம் குளமாக அலைந்தார். மொத்தம் 35 குளங்கள். கோணல் தவளைகள் இருந்தவை நாலே நாலு. அந்த நாலு குளங்களிலும் பொதுவாக இருந்தது என்ன? ஒரு குறிப்பிட்ட நத்தை. அந்த நத்தைக்குள் குடியிருந்த ரைபெய்ரோயா என்ற தட்டைப்புழு.

பிறகு ஆய்வுக்கூடத்தில் தலைப்பிரட்டைகளைப் பிரித்து வைத்து, ஒன்றுக்குப் புழுவே இல்லாமல், ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு நிறைய என்று விட்டுப் பார்த்தார். புழு படாதவை நல்ல கால்களோடு வளர்ந்தன. புழு பட்டவற்றுக்குக் குளத்தில் பார்த்த அதே கோணல், அதே கூடுதல் கால்கள். புழு அதிகமாக அதிகமாகச் சாவும் அதிகம். 1999 ஏப்ரலில், புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் அந்த முடிவுகள் வெளியாயின.

அந்தப் புழு போடும் திட்டத்தைக் கேட்டால் வில்லன் நடிகர்கள்கூட வெட்கப்படுவார்கள். அதற்கு மூன்று வீடு. முதல் வீடு நத்தை. அங்கே பல்கிப் பெருகி, தண்ணீரில் நீந்தி வெளியே வரும். இரண்டாவது வீடு தலைப்பிரட்டை. கால் முளைக்கும் இடமாகப் பார்த்துத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது வீடு கொக்கு, நாரை போன்ற பறவைகள். அங்கே போனால்தான் புழுவுக்கு வயசு வந்து முட்டை போட முடியும். ஆனால் நன்றாகத் துள்ளுகிற தவளை கொக்கின் வாயில் அவ்வளவு சுலபமாக மாட்டுமா? காலைக் கோணலாக்கிவிட்டால் மாட்டும்! தவளையைக் கொக்கு தின்ன, கொக்கின் எச்சத்தில் முட்டை தண்ணீருக்கு வர, மறுபடியும் நத்தை... சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் மனுஷன் நிரபராதி, கேஸை மூடிவிடலாம் என்கிறீர்களா? இருங்கள், அவசரப்படாதீர்கள்.

இந்தப் புழு புதிதாக வந்தது அல்லவே? பல கால் முளைத்த தவளைகளைப் பற்றி ஐரோப்பியர்கள் 18-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எப்போதும் இருந்ததுதானா, இல்லை இப்போதுதான் அதிகமாகிவிட்டதா என்ற கேள்விக்கு எங்கே போய்ப் பதில் தேடுவது?

இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் டேவிட் மெரல் என்ற பேராசிரியர், வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக மினசோட்டா முழுக்கச் சிறுத்தைத் தவளைகளைச் சேகரித்திருந்தார். அவை பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருந்தன. டேவிட் ஹாப்பி என்ற இன்னொரு பேராசிரியர், 90-களின் தவளைகளை அந்தப் பழைய தவளைகளோடு ஒப்பிட்டார். கோளாறு அந்தக் காலத்திலும் இருந்தது, ஆனால் மிக மிகக் குறைவு. 90-களில் அது பல மடங்கு!

மெரல் தவளைகளைச் சேர்த்தபோது, முப்பது சொச்சம் வருடம் கழித்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா? நல்ல தவளைகளையும் யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைத்ததால்தான், கெட்டது எப்போது தொடங்கியது என்று கேட்கவாவது முடிந்தது.

ஏன் பல மடங்கு? ஜான்சன் விடாமல் துரத்தினார். படித்து முடித்துத் தானே பேராசிரியரான பிறகும் துரத்தினார். 2007-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு சங்கிலியைக் காட்டியது. வயலில் கொட்டும் உரமும் மாட்டுச் சாணமும் மழையில் அடித்துக்கொண்டு குளத்துக்கு வருகின்றன. குளத்தில் பாசி மண்டுகிறது. பாசியைத் தின்று நத்தை பெருகுகிறது. நத்தை பெருகினால் புழு பெருகுகிறது. புழு பெருகினால் தவளைக்குக் கால் கோணுகிறது. கூண்டில் ஏற்றிய புழு குற்றவாளிதான். ஆனால் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தது யார் என்று பார்த்தால், விரல் திரும்பி நம்மையே காட்டுகிறது!

கதை இத்தோடு சுபம் என்றும் சொல்ல முடியாது. எல்லாக் குளத்துக்கும் இந்த ஒரு பதில் பொருந்தவில்லை. அந்தப் புழுவே இல்லாத குளங்களிலும் கால் இல்லாத தவளைகள் இருந்தன. தண்ணீருக்குள் வாழும் தட்டாரப்பூச்சியின் இளம்பருவம், தலைப்பிரட்டையின் முளைக்கும் காலைக் கடித்துத் தின்றுவிடும் என்று பின்னர் தெரிந்தது. பூச்சி மருந்து பட்ட தவளைகளின் எதிர்ப்புச் சக்தி குறைந்து புழுவுக்கு வசதியாகிறது என்று இன்னொரு ஆய்வு 2002-ல் சொன்னது. பதில்கள் பல. ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனிக் கதை.

ஒரு கேள்வி பாக்கி. பிள்ளைகள் சொன்ன அந்தப் பாதிக்குப் பாதி என்ற கணக்கு நிஜமாகவே அவ்வளவு பெரிய விஷயமா? அமெரிக்காவின் மீன், வனவிலங்குத் துறை 2000 முதல் 2009 வரை, நாடு முழுக்க 152 சரணாலயங்களில் 68,000 தவளைகளைப் பிடித்துப் பரிசோதித்தது. கோளாறு இருந்தவை சராசரியாக நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆனால் சில இடங்களில் மட்டும் கொத்துக் கொத்தாக, நூற்றுக்கு நாற்பது வரைக்கும்! ஆக, 1995-ல் தங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளைகள் கால் வைத்தது அப்படிப்பட்ட ஒரு கொத்தின் மேல்தான். பத்து வருடம், 68,000 தவளை என்று ஒரு அரசாங்கம் எண்ணிப் பார்த்துச் சொன்னதன் ஒரு நுனியை, அவர்கள் ஒரே பகல்பொழுதில் 22 தவளைகளை வைத்துத் தொட்டுவிட்டார்கள்.

அந்தப் பண்ணை நிலம் இன்று பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்றுத்தரும் ஒரு மையமாக இருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகம் வருகிறதல்லவா? நடந்துகொண்டுதான் இருக்கிறது. சீசன்வாட்ச் என்று ஒரு திட்டம் 2010-ல் நம் நாட்டில் தொடங்கியது. வேலை ரொம்ப எளிது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவோ, புளியோ, கொன்றையோ, உங்கள் இஷ்டம். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, துளிர் இருக்கிறதா, பூ இருக்கிறதா, காய் இருக்கிறதா என்று எழுதி அனுப்ப வேண்டும். இதில் அதிகமாகக் கலந்துகொள்வது நம் பக்கத்துக் கேரளத்தின் பள்ளிப் பிள்ளைகள்தான். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் கொன்றை, சித்திரை விஷுவுக்குப் பூப்பதற்குப் பதில் முன்கூட்டியே பூத்துவிடுகிறதா என்ற கேள்விக்கு, 'எங்க தாத்தா காலத்துல இப்படி இல்லப்பா' என்பது மட்டும் பதில் ஆகாது. எந்த வருஷம், எந்த வாரம் என்று யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். பூத்த வாரத்தை மட்டுமல்ல, பூக்காத வாரத்தையும்!

அதுதான் பிள்ளைகளுக்குச் சிரமம். பூக்காத மரத்தைப் பார்த்து 'பூ இல்லை' என்று எழுதுவதில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது? நல்ல தவளையைப் பிடித்து 'கால் சரியாக இருக்கிறது' என்று எழுதுவதில் என்ன பெருமை? யாரும் கைதட்டப் போவதில்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால், அது தப்பு என்று காட்டப்போவது அந்தச் சுவாரஸ்யமில்லாத வரிகள்தான்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறதா? இன்று சாயங்காலம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எவ்வளவு மார்க், என்ன ரேங்க் என்பதெல்லாம் இருக்கட்டும். 'உங்க ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள என்னென்ன பறவை வருது, எத்தனை மரம் இருக்கு?' என்று கேளுங்கள். தெரியாது என்றுதான் அநேகமாகப் பதில் வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் படித்த பள்ளியில் எத்தனை மரம் இருந்தது என்று நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி போட்டு, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். மூன்று மைனா என்றால் மூன்று. ஒன்றும் வரவில்லை என்றால், ஒன்றும் வரவில்லை. படம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு நிபந்தனை... அண்ணனின் நோட்டைப் பார்த்து எழுதக் கூடாது!